ஆங்கிலக் கீதை வாங்குமுன்: மொழிபெயர்ப்பு மூலத்தோடு ஒட்டுகிறதா என்று பார்க்கும் முறை

குமரி மாவட்டக் கோவில்களில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு எடுப்பவர்களிடம் பெற்றோர் கேட்கும் கேள்விகளில் ஒன்று: ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைக்கு எந்த ஆங்கிலக் கீதையைக் கொடுக்கலாம்? கடையில் நாலைந்து பதிப்புகள் இருக்கும், இணையத்தில் இன்னும் பல இலவசமாகக் கிடைக்கும். ஆங்கிலம் வழுக்கிக்கொண்டு போகிறது என்பதற்காக ஒன்றை எடுத்துவிடக் கூடாது. மூலத்தில் முடிச்சாக இருக்கும் இடம் மொழிபெயர்ப்பில் மட்டும் தெளிவாக ஓடினால், அங்கே யாரோ முடிச்சை அவிழ்த்திருக்கிறார்கள் அல்லது அறுத்திருக்கிறார்கள். எது நடந்தது என்று பார்க்க சமஸ்கிருதப் புலமை தேவையில்லை. பதவுரை உள்ள ஒரு தமிழ்க் கீதை, ஒரு அகராதி, ஒரு நோட்டு, இரண்டு மணி நேரம் போதும்.

முதலில் முன்னுரையைப் படியுங்கள். மூன்று செய்திகள் அதில் இருக்க வேண்டும்: எந்த மூலப் பதிப்பை வைத்துப் பெயர்த்தார், எந்த உரையாசிரியரைப் பின்பற்றினார், சமஸ்கிருதத்திலிருந்தே பெயர்த்தாரா அல்லது ஏற்கெனவே வந்த ஆங்கில நூல்களைப் பார்த்துத் தம் நடையில் எழுதினாரா. இப்படி ஆங்கில நூல்களைப் பார்த்து எழுதியவை நிறைய விற்கின்றன. வாசிக்க நன்றாக இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கவோ மேற்கோள் காட்டவோ உதவாது. எட்வின் அர்னால்டு 1885-இல் வெளியிட்ட செய்யுள் வடிவக் கீதையும் சரிபார்க்க ஏற்றதல்ல. அவருக்கு மூலம் தெரியும்; ஆனால் யாப்புக்காகச் சொல் கூடும், குறையும்.

மூலப் பதிப்பு எது என்று தெரியாமல் ‘விட்டுவிட்டார்’ என்று குற்றம் சொல்வது வழக்கமான பிழை. கீதைக்கு 700 சுலோகம் என்பது பொதுக் கணக்கு. 13ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் அர்ஜுனன் கேட்கும் ஒரு சுலோகம் சில பதிப்புகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. உள்ள பதிப்பில் அந்த அத்தியாயத்துக்கு 35 சுலோகம், இல்லாததில் 34. ஆகவே அந்த அத்தியாயம் முழுக்க எண் ஒன்று தள்ளிப்போகும். எண்ணை மட்டும் நம்பி ஒப்பிட்டால் வேறு வேறு சுலோகங்களை எதிரெதிரே வைத்துச் சண்டை போடுவோம். சுலோகத்தின் முதல் இரண்டு சொல்லைப் பார்த்தே பொருத்துங்கள். மகாபாரதத்தில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. புனே பண்டார்கர் நிறுவனம் 1919 முதல் 1966 வரை பல சுவடிகளை ஒப்பிட்டு உருவாக்கிய செம்பதிப்பில், வியாசர் சொல்ல விநாயகர் எழுதிய கதை மூலப் பகுதியிலேயே இல்லை, பிற்சேர்க்கைக்குப் போய்விட்டது. பிபேக் தேப்ராய் அந்தச் செம்பதிப்பைப் பெயர்த்தவர், அதனால் அவர் நூலில் அந்தக் கதையைத் தேடிப் பயனில்லை.

வேதத்துக்கு வந்தால் மொழிபெயர்ப்பு வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். கிரிஃபித் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரிக்வேதத்தைப் பெயர்த்தபோது, ஆபாசம் என்று கருதிய சில மந்திரங்களை ஆங்கிலத்தில் தராமல் பிற்சேர்க்கையில் லத்தீனில் வைத்தார். உரிமைக்காலம் முடிந்ததால் இணையத்தில் எங்கும் கிடைப்பது அவருடையதுதான். ஜேமிசனும் பிரெரெட்டனும் 2014-இல் வெளியிட்ட மூன்று தொகுதிகளோடு ஒரே சூக்தத்தை (வேதப் பாடலை) வைத்துப் பார்த்தால் 120 ஆண்டு ஆராய்ச்சியின் இடைவெளி தெரியும்.

இனி நோட்டு. பக்கத்தை நான்கு பத்தியாகக் கோடு போடுங்கள்: மூலச் சொல், அகராதிப் பொருள், ஆங்கிலத்தில் அதற்கு நிற்கும் சொல், குறி. குறிகள் நான்கு போதும். மூலத்தில் இல்லாதது சேர்ந்திருந்தால் கூட்டல், இருந்தது விடுபட்டிருந்தால் கழித்தல், பொருள் மாறியிருந்தால் பெருக்கல், மூலமே இரு பொருளுக்கு இடம் தருமானால் கேள்விக்குறி. அகராதிக்கு மோனியர்-வில்லியம்ஸ், ஆப்தே இரண்டும் கொலோன் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசம். உரைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க கான்பூர் ஐ.ஐ.டி.யின் கீதா தளம் இருக்கிறது. ஆங்கிலத்திலேயே சொல்லுக்குச் சொல் வேற்றுமை, எண், காலம் எல்லாம் பிரித்துக் காட்டும் நூல் வேண்டுமென்றால் வின்த்ரோப் சார்ஜென்டின் 1979ஆம் ஆண்டு நூல். ஒரு எச்சரிக்கை: நீங்கள் சோதிக்கிற நூலிலேயே அச்சாகியிருக்கும் பதவுரையைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். அதை எழுதியவரும் அந்த மொழிபெயர்ப்பாளர்தான். கீழே வரப்போகும் கருத்துக்கு மேலேயே அடித்தளம் போட்டிருப்பார்.

தமிழ் எழுத்தில் அச்சான சமஸ்கிருதத்தில் ஒரு குழி உண்டு. எழுத்தின் ஒலியைப் பிரித்துக் காட்ட மேலே 2, 3, 4 என்று எண் போடாத பதிப்புகளில் வலிமை என்ற பொருளுள்ள சொல்லும் கனி, விளைவு என்ற பொருளுள்ள சொல்லும் ஒன்றுபோல ‘பல’ என்றே நிற்கும். அகராதியில் தவறான பக்கத்துக்குப் போய்விடுவோம். இங்கே நமக்கு ஒரு வசதி: கல்குளம், விளவங்கோடு பக்கம் மலையாளம் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர்கள் அல்லவா. மலையாள எழுத்தில் அச்சான கீதை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது, நான்கு பகரமும் தனித்தனி எழுத்தாக நிற்கும். தமிழில் வழங்கும் வடசொல்லின் பொருளை அப்படியே மூலத்தில் ஏற்றுவதும் ஆபத்து. ‘விகாரம்’ நமக்கு அருவருப்பு; கீதையில் வெறும் மாற்றம். ‘சங்கம்’ நமக்குக் கூட்டம், அங்கே பற்று.

எல்லாச் சுலோகத்தையும் சோதிக்க வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளரின் கை நடுங்கும் இடங்கள் சில உண்டு, அவற்றை மட்டும் எடுத்தால் ஆளைத் தெரிந்துவிடும்.

2.47-இல், அதாவது 2ஆம் அத்தியாயம் 47ஆம் சுலோகத்தில், தொடங்குங்கள். ‘கர்மண்யேவாதிகாரஸ்தே’ என்ற இந்தச் சுலோகத்தில் நான்கு கூற்றுகள் இருக்கின்றன: செயலில்தான் உனக்கு அதிகாரம், பலன்களில் ஒருபோதும் இல்லை, செயலின் பலனுக்குக் காரணமாகாதே, செயலாற்றாமையிலும் உனக்குப் பற்று வேண்டாம். ‘கடமையைச் செய், பலனை எதிர்பாராதே’ என்று பழகிப்போன நமக்கே கடைசி இரண்டும் மறந்துவிட்டது. ஆங்கிலத்தில் நான்கும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். நான்காவதை விழுங்கியவர் வேறு இடங்களிலும் விழுங்கியிருப்பார்.

அடுத்து 2.18-இன் முடிவு, ‘யுத்யஸ்வ’. போர் செய் என்ற நேரடி ஏவல். கீதையை அகப்போராட்டமாக விளக்குவது ஒரு மரபு, அதில் குற்றமில்லை. ஆனால் அந்த விளக்கம் அடிக்குறிப்பில் நிற்க வேண்டும். சுலோகத்துக்குள்ளேயே ‘முயற்சி செய்’ என்று மாறியிருந்தால் பெருக்கல் குறி.

நான்கு வருணங்களைப் படைத்தேன் என்று கண்ணன் சொல்லும் 4.13 இரு பக்கமும் இழுபடும் சுலோகம். ‘குணகர்மவிபாகசஹ’ என்பதில் குணம், செயல், பிரிவு என்ற மூன்றுதான் உண்டு. ‘பிறப்பால்’ என்று சேர்த்தாலும் கூட்டல், ‘பிறப்பால் அல்ல’ என்று சேர்த்தாலும் கூட்டல். சேர்க்கிறவரின் நோக்கம் நல்லதா என்பது இங்கே கேள்வியே இல்லை. கூடவே இரண்டாம் வரியையும் பாருங்கள். அதைச் செய்தவன் ஆனாலும் என்னைச் செய்யாதவன் என்று அறி என்கிறது. வாதத்துக்காக மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த வரியை விட்டுவிடுவார்கள்.

9.32 இன்னும் கடினம். ‘பாபயோநயஹ’ (பாவப் பிறவியர்) என்ற சொல் பின்னால் வரும் பெண்கள், வைசியர், சூத்திரர் ஆகியோரைக் குறிக்கிறதா, அல்லது அவர்களிலிருந்து வேறான ஒரு வகையா? சங்கரர் உரை முதல் பொருளையே கொள்கிறது. இன்றைய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் ஒரு காற்புள்ளியோ ‘மேலும்’ என்ற சொல்லோ நுழைந்து இரண்டையும் பிரித்துவிடும். இலக்கணப்படி இரண்டும் வாதிடக்கூடியவை. நேர்மையானவர் குறிப்புப் போட்டிருப்பார். சத்தமில்லாமல் கடந்தால், வாசகர் முகம் சுளிக்கக் கூடாது என்பதில்தான் அவருக்கு அக்கறை என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு சுலோகத்துக்கு மற்ற எதையும்விட அதிக மதிப்பெண் கொடுக்கலாம்.

18.66-இல் ‘ஸர்வதர்மான்’ என்பது ‘எல்லா மதங்களையும்’ என்று பெயர்க்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். பக்திவேதாந்த சுவாமி பிரபுபாதரின் புகழ்பெற்ற நூல் ஏறக்குறைய அப்படித்தான் பெயர்க்கிறது. மதம் என்று இன்று நாம் சொல்லும் பொருள் அந்தச் சொல்லின் பல பொருள்களில் ஒரு மூலை மட்டுமே. பிள்ளைக்கு இதைக் கற்பிக்கும்போது கடமை, அறம், விதிமுறை என்ற மற்றப் பொருள்களையும் சொல்லியாக வேண்டும்.

சொற்பிரிப்பால் பொருள் மாறும் இடம் 13.12 (தள்ளிய எண்ணில் 13.13). ‘அநாதிமத்பரம்’ என்று சேர்ந்து நிற்பதை ‘அநாதிமத் பரம்’ என்று சங்கரர் பிரிக்கிறார். தொடக்கமற்ற மேலான பிரம்மம் என்று பொருள் வரும். ராமானுஜர் ‘அநாதி மத்பரம்’ என்கிறார். தொடக்கமற்றது, என்னைத் தனக்கு மேலாகக் கொண்டது. சுவடியில் இடைவெளி கிடையாது, ஆகவே இரண்டும் மூலத்துக்கு உட்பட்டவையே. இங்கே கேள்விக்குறி போடுங்கள், பெருக்கல் போடாதீர்கள். சங்கரர் வழி அத்வைதி எழுதியதை ராமானுஜர் வழி விசிஷ்டாத்வைதக் கண்ணால் பார்த்து ‘திரித்துவிட்டார்’ என்பது நியாயமில்லை. சாந்தோக்கிய உபநிடதத்தின் ‘தத் த்வம் அஸி’க்கும் (நீ அதுவே) இதே நிலைதான், த்வைத மரபின் மத்வர் அதை ‘அதத் த்வம் அஸி’ என்று பிரித்து நேரெதிர்ப் பொருள் கொண்டார்.

ஒரே மூலச் சொல்லுக்கு எங்கும் ஒரே ஆங்கிலச் சொல் போட்டிருந்தால் நல்ல மொழிபெயர்ப்பு என்று சிலர் சொல்வார்கள். பாதிதான் சரி. 6.5-இல் ‘ஆத்மா’ பெரும்பாலும் ‘தன்னை, தன்னால்’ என்ற பொருளில் வருகிறது. அங்கெல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கும் ஆன்மாவைத் திணித்தால் வாக்கியம் நொண்டும். சொல் மாறலாம், ஆனால் மாறும் இடத்தில் காரணம் தெரிய வேண்டும்.

இவற்றோடு இன்னும் சில சேர்த்துப் பத்துச் சுலோகம் முடிந்ததும் குறிகளை எண்ணுங்கள். கழித்தல் அதிகமாக இருந்தால் அது சுருக்கம். சிறுவருக்கு ஆகும், மேற்கோளுக்கு ஆகாது. கூட்டல் அதிகமாக இருந்து எல்லாம் ஒரே திசையில் சாய்ந்தால் அது உரை, மொழிபெயர்ப்பு என்ற பெயரில். சமய வகுப்புக்கு அது பயன்படலாம், எந்தச் சம்பிரதாயத்தின் உரை என்று சொல்லிவிட்டுப் படித்தால் போதும். பெருக்கல் மூன்றுக்கு மேல் போனால் வாங்க வேண்டாம். கேள்விக்குறி உள்ள இடங்களிலெல்லாம் அடிக்குறிப்பு இருந்தால், நடை கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் அந்த நூலையே எடுங்கள்.

கடைச் சுவர்களிலும் காலண்டரிலும் ‘கீதாசாரம்’ என்று தொங்கும் ‘எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது’ கீதையின் எந்தச் சுலோகத்தின் மொழிபெயர்ப்பும் அல்ல. அதன் ஆங்கில வடிவமும் சுற்றுகிறது. எண் தராத மேற்கோளைச் சோதிக்கவே தேவையில்லை, ஒதுக்கிவிடலாம்.

தமிழ்ப் பாசுரங்களின் ஆங்கில வடிவத்தையும் இதே நோட்டில் சோதிக்கலாம்; மூலம் நம் கையிலேயே இருப்பதால் இன்னும் எளிது. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் மீது நம்மாழ்வார் பாடிய பதிகம் (திருவாய்மொழி 10.6) நல்ல தொடக்கம். முதல் பாசுரத்தில் ‘அருள்தருவான் அமைகின்றான் அதுநமது விதிவகையே’ என்று வருகிறது. ‘விதி’யை ஊழ் என்று எடுத்தால் நம் தலையெழுத்துப்படி அவன் அருள்வான் என்றாகும். திருவாய்மொழிக்கு எழுந்த ‘ஈடு’ என்ற உரையின் மரபு, நாம் விதித்தபடியே அவன் அருளக் காத்திருக்கிறான் என்று கொள்கிறது. அடியாருக்குக் கட்டுப்பட்ட கடவுள். ஆங்கிலத்தில் ஊழ் என்று மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் ஈட்டைப் பார்க்கவில்லை அல்லது பார்த்தும் ஏற்கவில்லை. எது என்று முன்னுரையில் தேடுங்கள். சொற்பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும், உரைகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும் உண்டு. திருவாசகத்துக்கு ஜி.யு. போப்பின் 1900ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பை எடுப்பவர்கள், அருள், வினை, மலம் ஆகிய மூன்று சொற்களுக்கு அவர் என்ன போட்டிருக்கிறார் என்று முதலில் பட்டியல் எடுத்துக்கொண்டு, பிறகு பதிகத்துக்குள் போகலாம்.