கார் மாடல் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: பாடியைக் கடைசிக்கு விடாதீர்கள்

டாங்கி மாடல் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். பெயிண்டில் தூசி விழுந்தாலும், ஒரு இணைப்பு சரியாகச் சேராவிட்டாலும், மேலே சேறு, துரு, புகைக்கறை என்று எதையாவது பூசிச் சமாளித்துவிடுவார்கள். பார்க்கிறவர்களும் அதைத்தான் பாராட்டுவார்கள். கார் மாடலில் அந்த வசதி கிடையாது. ஷோரூமிலிருந்து அப்போதுதான் இறங்கியதுபோல் இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள், அந்தப் பளபளப்போ சின்னக் கீறலைக்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். என்னைக் கேட்டால், கார் மாடலில் முக்கால்வாசி வேலை பாடி பெயிண்ட்தான். புதிதாக வருகிறவர்களின் தவறுகளில் பெரும்பாலானவையும் அங்கேதான் வந்து நிற்கும்.

கிட்டோடு, அதாவது ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய பெட்டியோடு, வரும் செய்முறைத் தாளை முதல் படியிலிருந்து வரிசையாகப் பின்பற்றுவதிலேயே சிக்கல் தொடங்குகிறது. டமியா, ஃபுஜிமி, ஆவோஷிமா என்று எந்த ஜப்பான் கம்பெனியின் கிட்டை எடுத்தாலும் தாள் பெரும்பாலும் எஞ்சின் அல்லது சேசிஸில் (காரின் அடிச்சட்டத்தில்) ஆரம்பிக்கும். பாடி கடைசிப் பக்கங்களில்தான் வரும். அதன்படி போனால், எல்லாம் முடிந்து பாடி மட்டும் மிச்சமிருக்கும் நேரத்தில் பெயிண்ட் அடிக்கிறீர்கள். இன்னும் ஒரு நாள்தானே என்ற அவசரத்தில் காயாத பாடியைப் பிடித்து சேசிஸோடு சேர்க்கிறீர்கள், கூரையில் கட்டைவிரல் ரேகை பதிந்துவிடுகிறது. தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் பாடி. அது காயும் நாட்களில் சீட், டாஷ்போர்டு, சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்காதீர்கள், மோந்து பாருங்கள். பெயிண்ட் வாசம் வந்தால் இன்னும் காயவில்லை.

பெட்டியின் அளவைப் பார்த்து மயங்குவதும் சகஜம். டமியா 1976-ல் 1/12 அளவில், அதாவது நிஜக் காரில் பன்னிரண்டில் ஒரு பங்காக, ஒரு போர்ஷே 934 கிட் வெளியிட்டது. அந்த அளவில் கட்டி முடித்த கார் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் கிட்டுக்கு 1/12 வேண்டாம். எஞ்சின் இல்லாத 1/24 கிட் ஒன்றே போதும். எஞ்சின் இல்லாததைப் பலர் குறையாகச் சொல்வார்கள். மூடியே இருக்கப்போகிற பானட்டுக்கு அடியில் நாற்பது, ஐம்பது பாகங்களை ஒட்டி உட்கார்ந்திருப்பதைவிட, அந்த நேரத்தைக் கூரையின் மேல் செலவழிக்கலாம் என்பது என் கட்சி. இன்னொரு விஷயம், ஜப்பான் கிட்கள் பெரும்பாலும் 1/24, அமெரிக்காவின் ஏஎம்டி, எம்பிசி போன்றவை 1/25. நாலரை மீட்டர் கார் முதலாவதில் 187.5 மி.மீ. வரும், இரண்டாவதில் 180 மி.மீ. வரும். ஒன்றின் பாடியை இன்னொன்றின் சேசிஸில் ஏற்ற நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

சரி, பாடிக்கு வருவோம். பெட்டியிலிருந்து எடுத்த பாடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். முன் மட்கார்டின் மேல்விளிம்பை ஒட்டி, கண்ணாடித் தூணின் அடிவரைக்கும், அப்புறம் கூரையோரமாகப் பின்பக்கம்வரைக்கும் முடியளவு மெல்லிய ஒரு மேடு ஓடுவதைப் பல கிட்களில் பார்க்கலாம். பாடியை வார்த்த அச்சின் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடம் அது. இப்படிச் சாய்த்துப் பார்க்காவிட்டால் வெறும் பிளாஸ்டிக்கில் கண்ணுக்கே தெரியாது. பளபளப்பான பெயிண்ட் ஏறியதும், காரின் தோளில் தழும்பு போட்டதுபோல் தெரியும். 600, 800, 1000 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து வரிசையாகத் தேய்த்து எடுக்க வேண்டும். அதன் பிறகு சாம்பல் பிரைமர் ஒரு மெல்லிய கோட் அடித்தால், எங்கே விட்டோம் என்று அதுவே சொல்லிவிடும். பிரைமரை வெறும் அடிப்பூச்சு என்று நினைத்து இந்தச் சோதனையைத் தவிர்க்கிறவர்கள் ஏராளம். கதவு, பானட், டிக்கி ஓரக் கோடுகளையும் பெயிண்டுக்கு முன்பே ஊசிமுனைக் கருவியால் லேசாக ஆழப்படுத்தி வையுங்கள். பிரைமர், கலர், கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) என்று அடுக்கடுக்காக ஏறும்போது அந்தக் கோடுகள் தூர்ந்துபோகும்.

எவ்வளவு அடிப்பது? நிஜக் காரின் பெயிண்ட், பிரைமர் முதல் கிளியர்வரை சேர்த்து, 0.1 மி.மீ. சொச்சம்தான். அதே 0.1 மி.மீ. உங்கள் 1/24 மாடலில் ஏறினால், நிஜக் கணக்கில் 2.4 மி.மீ. தடிமன். மாடல் பொம்மைபோல் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஸ்ப்ரே டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்து எடுத்து, பாடிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, பாடியைக் கடந்த பிறகு விரலை எடுங்கள். டப்பாவைக் கொதிக்கும் தண்ணீரிலோ அடுப்பின் பக்கத்திலோ வைத்துவிடாதீர்கள், வெடிக்கும். முதல் பூச்சிலேயே பிளாஸ்டிக் நிறம் மறைய வேண்டியதில்லை. மறையாதுதான், மறைக்க முயன்றால் ஒழுகும்.

மழைக்காலத்தில் லேக்கர் (கரைப்பான் ஆவியாகிச் சீக்கிரம் காயும் பெயிண்ட் வகை) அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பெயிண்டின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படியும். கறுப்புக் கார் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிடும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சேசிஸ் வேலை மட்டும் பாருங்கள்.

பணம் மிச்சம் என்று ஹார்டுவேர் கடை ஸ்ப்ரேயை வாங்கி அடிப்பது அடுத்த தவறு. நிஜக் காருக்கான பெயிண்டில் உள்ள தின்னர் கிட்டின் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை அரித்து, மேற்பரப்பை வெடிப்பு விழச் செய்துவிடும். நல்ல பிரைமர் இருந்தால் தப்பிக்கலாம், ஆனால் மெட்டாலிக் நிறமென்றால் அப்போதும் பிரச்சினைதான். அதிலுள்ள மினுமினுப்புத் துகள் நிஜக் காருக்கான அளவு, மாடலில் அது ஜிகினா தூவியதுபோல் இருக்கும். டமியாவிலேயே டி.எஸ். வரிசை ஸ்ப்ரேதான் இந்தப் பிளாஸ்டிக்குக்கு, பி.எஸ். வரிசை ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் பாடிக்கு. எனாமல் (மெதுவாகக் காயும் பெயிண்ட் வகை) அடித்ததன் மேல் லேக்கர் அடித்தால் அடியிலிருப்பது சுருங்கி எழும். லேக்கர் மேல் எனாமல் போகலாம். எந்தச் சந்தேகம் வந்தாலும் யூஸ் அண்ட் த்ரோ பிளாஸ்டிக் கரண்டியில் அடித்துப் பார்த்துவிட்டு பாடிக்குப் போங்கள். சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த பாடிக்கு வெள்ளை அடிக்கிறவர்கள் இந்தச் சோதனையை அதே கிட்டின் மிச்சச் சிவப்பு பிளாஸ்டிக்கில் கட்டாயம் செய்ய வேண்டும், நாள்பட நாள்பட சிவப்பு மேலே கசிந்து வெள்ளை ரோஸ் நிறமாகும்.

டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்) ஒட்டிய பிறகு கிளியரை ஈரமாக, தாராளமாக அடிப்பதும் ஆபத்து. லேக்கர் கிளியர் டீகாலைச் சுருக்கிவிடும். முதலில் பனிபோல் லேசாக ஒன்றிரண்டு கோட், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகுதான் ஈரக் கோட். பாலிஷ் போடும்போது மட்கார்டு முனை, கதவு ஓரம் போன்ற மேடான விளிம்புகளை விட்டுவிடுங்கள். பெயிண்ட் அங்கேதான் மிக மெல்லிசு, இரண்டு இழுப்பில் பிரைமர் எட்டிப்பார்க்கும். கதவு, பானட் ஓரக் கோடுகளுக்கு மை பாய்ச்சுகிறவர்கள் வெள்ளைக் காரில் கறுப்பைப் போடாதீர்கள், கார்ட்டூன்போல் ஆகிவிடும். சாம்பல் போதும்.

ஒட்டும் வேலையில் இரண்டே விஷயம். கண்ணாடிப் பாகங்களுக்கு ஃபெவிக்விக் வகையறா வேண்டாம். அதன் ஆவி படிந்து கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாய்ப் புகைபடிந்துவிடும். வெள்ளைப் பசை, அதாவது சாதாரண ஃபெவிகால் மாதிரியானது, காய்ந்ததும் தெளிவாகிவிடும். வழிந்தாலும் ஈரத் துணியால் துடைக்கலாம். குரோம் பூசிய பாகங்களை ஒட்டுகிற இடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டிவிடுங்கள். மாடல் ஒட்டும் பசையான பிளாஸ்டிக் சிமென்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டுகிறது, குரோமையோ பெயிண்டையோ பிடிக்காது.

பெயிண்ட் அருமையாக வந்தும் கார் ஏதோ சரியில்லை என்று தோன்றினால், சக்கரத்தைப் பாருங்கள். பல கிட்களில் கார் ஜீப்போல் உயரமாக நிற்கும், சக்கரம் மட்கார்டுக்குள் ஒளிந்திருக்கும். பெயிண்டுக்கு முன்பே பாடி, சேசிஸ், சக்கரம் மூன்றையும் டேப் போட்டுச் சேர்த்து, நிஜக் காரின் பக்கவாட்டுப் படத்தோடு ஒப்பிட்டால் போதும். அப்போது சக்கர அச்சின் நுனியில் வாஷர் போடுவதும், சஸ்பென்ஷனைக் கொஞ்சம் சுரண்டுவதும் சுலபம்.

புது டயர் ஒரேயடியாய்க் கறுத்துப் பளபளக்கும். ஓடும் பகுதியை மட்டும் வாட்டர் பேப்பரில் லேசாக உருட்டித் தேய்த்தால் ரப்பரின் மங்கல் சாம்பல் வந்துவிடும். பழைய அமெரிக்கக் கிட் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. அந்த வினைல் டயர்களிலுள்ள மென்மையாக்கும் ரசாயனம் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கும். பெட்டிக்குள் டயர் பட்ட இடத்தில் முன்கண்ணாடியில் பள்ளம் விழுந்த கிட்கள் நிறைய உண்டு. வாங்கியதும் டயர்களைத் தனி உறையில் போட்டுவிடுங்கள்.