மருத்துவ ஆய்வுச் செய்திகளை வாசிப்பது எப்படி?

‘அபாயம் இரு மடங்கு’ என்று ஒரு மருத்துவச் செய்தியின் தலைப்பு சொன்னால், எதற்கு இரு மடங்கு என்பது தெரியும்வரை அதை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். 1995 அக்டோபரில், புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் சில இரத்த உறைவு அபாயத்தை ஏறத்தாழ இரு மடங்காக்குவதாக பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தபோது, ஊடகங்கள் அந்த விகிதத்தையே முன்னிறுத்தின. 7,000 பெண்களில் ஒருவருக்கு நேர்ந்தது இனி இருவருக்கு நேரலாம் என்பதே அதன் பொருள். அஞ்சிய பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினர். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின என்று மதிப்பிடப்பட்டது. கர்ப்ப காலத்தில் இரத்தம் உறையும் வாய்ப்பு அந்த மாத்திரைகளால் வருவதைவிட அதிகம் என்பதை எண்ணும்போது, விடுபட்ட ஓர் எண் எவ்வளவு தீங்கு செய்யும் என்பது விளங்கும். எனவே, ஆயிரம் பேரில் முன்பு எத்தனை பேர், இப்போது எத்தனை பேர் என்ற இரண்டு எண்களைச் செய்தியில் தேடுங்கள். அவை இல்லையெனில் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

‘புற்றுநோய் உண்டாக்கும் பொருள்’ என்ற அறிவிப்பையும் இப்படியே அணுக வேண்டும். பதப்படுத்திய இறைச்சியை 2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலை இருக்கும் அதே பிரிவில் சேர்த்தது. அந்தப் பிரிவு சான்று எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டுகிறதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைக் காட்டுவதில்லை.

அடுத்து, ஆய்வு எலிகளிடமா மனிதர்களிடமா நடந்தது என்று பாருங்கள். மனிதர்களிடம் என்றால், பங்கேற்றவர்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்தார்களா, அல்லது அவர்கள் போக்கில் விட்டுக் கவனித்தார்களா என்பது முக்கியம். கவனித்து மட்டும் எழுதிய ஆய்வு ‘தொடர்புடையது’ என்று சொல்லியிருப்பதைச் செய்தி ‘காரணம்’ என்று மாற்றியிருக்கக்கூடும்.

இந்த மாற்றத்துக்குச் செய்தியாளரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட செய்திக்குறிப்புகளை கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றில் மூன்றில் ஒரு பங்கு, தொடர்பைக் காரணமாக மிகைப்படுத்தியிருந்தது. ஒரே செய்திக்குறிப்பிலிருந்து பிறந்த ஐந்து செய்திகள் ஐந்து சாட்சிகள் ஆகா. ஆகவே, ஆய்வில் பங்கில்லாத ஒரு வல்லுநரின் கருத்து எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பல நேரங்களில் கடைசிப் பத்திகளில் ஒதுக்கப்பட்டிருக்கும் அதைத் தலைப்புக்கு அடுத்தபடியாகவே படித்துவிடுங்கள்.