மான்டக்யூட் மாளிகைய பாக்கும்போது பண்ணக்கூடாத தப்புங்க

இங்கிலாந்துல சாமர்செட் பக்கம் மான்டக்யூட் ஹவுஸ்னு ஒரு கல்லு மாளிகை இருக்கு. பக்கத்துல இருக்கற ஹாம் ஹில் குன்றுல வெட்டுன தேன் கலர் சுண்ணாம்புக்கல்லு. எட்வர்ட் பெலிப்ஸ்னு ஒரு வக்கீல், பின்னாடி பார்லிமென்ட் சபாநாயகரா ஆனவரு, 1600 வாக்குல கட்டுன வீடு. எனக்கு அதுமேல அவ்ளோ பிரியம், அதான் அரைகுறையா பாத்துட்டு வர்றவங்கள நெனச்சா மனசு கேக்கமாட்டேங்குது.

பெரிய தப்பு என்னன்னா, மேற்குப் பக்கத்து வாசல பாத்துட்டு இதான் அசல் முகப்புன்னு நம்பிடறது. அது ஆதியில வீட்டோட பின்பக்கம். பெலிப்ஸ் கட்டுன முகப்பு கிழக்கால இருக்கு, காலைல வெயில் விழறப்ப போய் நில்லுங்க, மேல்மாடி ஜன்னல்களுக்கு நடுவுல மாடத்துக்கு ஒருத்தரா 9 வீரர்கள் சிலையா நிப்பாங்க, பைபிள்ல வர்ற யோசுவா, மாவீரன் அலெக்சாண்டர், பிரிட்டன் கதைகள்ல வர்ற ராஜா ஆர்தர்னு ஆளு யாரா இருந்தாலும் எல்லாருக்கும் ரோமன் சிப்பாய் உடுப்புதான் மாட்டி விட்டிருக்காங்க!

அப்ப மேற்குப் பக்கம் புதுசான்னு கேட்டா, அங்கதான் அடுத்த தப்பு. 1786ல பெலிப்ஸ் வம்சத்துல அதே பேருள்ள இன்னொருத்தர், டார்செட்ல கிளிஃப்டன் மேபேங்க்னு ஒரு பழைய மாளிகைய பிரிக்கறாங்கன்னு தெரிஞ்சு, அதோட வாசலையும் செதுக்குன கல்லுங்களையும் வாங்கி இங்க கொண்டாந்து பொருத்திட்டாரு. ஆக கடைசியா வந்த பகுதியிலதான் வீட்டையே விட மூத்த கல்லு இருக்கு, வருஷத்த மட்டும் வச்சு கணக்கு போட்டா ஏமாந்துடுவீங்க. வெறும் அழகுக்குன்னும் நெனச்சிடாதீங்க, அதுவரைக்கும் ஒரு ரூம்லேருந்து இன்னொன்னுக்கு போகணும்னா நடுவுல இருக்கற ரூம் வழியாதான் போகணும், இந்த வேலையிலதான் நடைபாதை கெடச்சுது.

ராணி எலிசபெத்துக்கு மரியாதையா அவங்க பேரோட முதல் இங்கிலீஷ் எழுத்தான E வடிவத்துல கட்டுனாங்கன்னு ஒரு கதை சொல்வாங்க, அத அப்படியே நம்ப வேணாம். ரெண்டு ஓரத்துலயும் முன்னால நீட்டுன கட்டடம், நடுவுல ஒரு வாசல் மண்டபம், இப்படி வச்சாலே அந்த வடிவம் தானா வந்துடும்.

கால் வலிக்குதுன்னு மேல்மாடிய விட்டுடாதீங்க, அங்க இருக்கற நீள கூடம் 172 அடி, இங்கிலாந்துல இன்னிக்கு மிஞ்சியிருக்கறதுலயே நீளமானது.

இதே மாதிரி பழைய கல்லு வீடு வச்சிருக்கறவங்க பண்ற தப்பு ஒன்னு இருக்கு, எனக்கு ரொம்ப வேதனையா இருக்கறது அதான். கல்லுக்கு நடுவுல உதிர்ந்த சுண்ணாம்புக் காரைய சுரண்டிட்டு சிமென்ட் பூசிடறாங்க. சுண்ணாம்பு மென்மையானது, சுவர்ல ஏறுன ஈரம் அது வழியா வெளிய போயிடும், தேஞ்சா திரும்ப பூசிக்கலாம். சிமென்ட் அந்த வழிய அடைச்சிடும், ஈரம் கல்லு வழியா வெளியேற பாக்கும், குளிர்காலத்துல அந்த தண்ணி உறைஞ்சு உப்பி கல்லோட மேல்தோல் செதில் செதிலா உதிரும். கிட்டப் போய் விரல வச்சு பாருங்க, கல்லு உள்வாங்கி சிமென்ட் கோடு மட்டும் எலும்பு மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா, சேதம் எப்பவோ ஆரம்பிச்சாச்சு.