துணை ஆளுநர் தேர்தல்: ஆளுநருக்கு அடுத்த கட்டத்தில் நடக்கும் தவறுகள்

ஹைதராபாத்தில் பிறந்த கசாலா ஹாஷ்மி 2025 நவம்பரில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் துணை ஆளுநராக வென்றார். அதே ஊரில் பிறந்த அருணா மில்லர் 2022இல் மேரிலாந்தில் அதே பதவியைப் பிடித்தார். இரண்டும் ஒரே மாதிரி வெற்றிதானே என்று நினைத்தால், இந்தத் தேர்தலைப் பற்றிய முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. ஹாஷ்மி தன் பெயருக்கென்று தனியாக ஓட்டு வாங்கி ஜெயித்தவர். மில்லருக்குத் தனியாக ஒரு ஓட்டும் விழவில்லை. ஆளுநர் வேட்பாளர் வெஸ் மூருடன் ஜோடியாக நின்றார், ஓட்டும் அந்த ஜோடிக்குத்தான்.

புதுச்சேரியை மனதில் வைத்துப் படிப்பதும் குழப்பத்தில்தான் முடியும். புதுச்சேரியின் துணைநிலை ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அமெரிக்காவிலோ ஆளுநர் என்பவரே மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர், நம் முதல்வர் மாதிரி. அப்படியானால் துணை ஆளுநரைத் துணை முதல்வர் என்று எடுத்துக்கொள்ளலாமா? பாதி சரி. ஆனால் முதல்வர் நினைத்தாலும் நீக்க முடியாத துணை முதல்வர் அவர்.

ஜோடியா, தனியா என்று பார்க்காமல் ஓட்டுப் போடுவது

26 மாநிலங்களில் ஆளுநரும் துணை ஆளுநரும் பொதுத் தேர்தலில் ஒரே அணியாக நிற்கிறார்கள். டெக்சாஸ், கலிஃபோர்னியா, ஜார்ஜியா, வட கரோலினா, வாஷிங்டன், வர்ஜீனியா உட்பட 17 மாநிலங்களில் தனித்தனித் தேர்தல். டென்னசியிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் மாநில செனட் (சட்டமன்றத்தின் மேலவை) தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது, துணை ஆளுநர் பட்டமும் அவருக்கே. மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், ஆரெகன், வயோமிங் ஆகிய நான்கில் பதவியே கிடையாது. ஐந்தாவதாக இருந்த அரிசோனா 2022இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்திப் பதவியை உருவாக்கியது. அங்கே முதல் தேர்தல் 2026இல்.

நீங்கள் அமெரிக்காவில் ஓட்டுப் போடுபவர் என்றால், உங்கள் மாநிலம் எந்த வகை என்று தெரிந்துகொள்ள, தேர்தல் அலுவலகம் முன்கூட்டியே வெளியிடும் மாதிரி வாக்குச்சீட்டைப் பாருங்கள். இரண்டு பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வட்டம் இருந்தால் ஜோடி. இரண்டு தலைப்பு, இரண்டு வட்டம் என்றால் தனி. தனி என்றால் ஆளுநருக்கு ஓட்டுப் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. கீழே உள்ள கட்டத்தை விட்டுவிட்டால் அது காலியாகவே எண்ணப்படும்.

அப்படி விட்டுப்போவது சின்ன எண்ணிக்கை இல்லை. 2018இல் ஜார்ஜியாவில் ஆளுநர் பதவிக்கு 39 லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. துணை ஆளுநருக்கு அதைவிட ஏறக்குறைய 1.6 லட்சம் குறைவு. அந்தப் பதவிக்கு நின்று வென்ற ஜெஃப் டங்கனுக்கும் தோற்ற சாரா ரிக்ஸ் அமிகோவுக்கும் இடையிலான வித்தியாசமே சுமார் 1.23 லட்சம்தான். தொடுதிரை இயந்திரங்களில்தான் கோளாறு என்று வழக்குப் போட்டார்கள். மாநில உச்ச நீதிமன்றம் 2019இல் முடிவு செல்லும் என்றது. அந்த இயந்திரங்கள் 2020இல் மாற்றப்பட்டன. இப்போது திரையில் தேர்ந்தெடுத்ததும் ஒரு தாள் அச்சாகி வரும். ஸ்கேனரில் போடுவதற்கு முன் அந்தத் தாளில் துணை ஆளுநர் வரியைத் தேடிப் படியுங்கள். பலர் ஆளுநர் பெயரைப் பார்த்ததோடு தாளை உள்ளே விட்டுவிடுகிறார்கள்.

பிரைமரியைக் கோட்டைவிடுவது

நவம்பரில் ஜோடி என்பதால், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் நடக்கும் பிரைமரி தேர்தலிலும் ஜோடிதான் என்று அர்த்தமில்லை. பென்சில்வேனியாவில் பிரைமரியில் இருவரும் தனித்தனியாக நிற்கிறார்கள். அங்கே ஜெயித்தவர்களைத்தான் நவம்பரில் ஒன்றாகக் கட்டுகிறார்கள். 2018இல் ஆளுநர் டாம் உல்ஃப் எதிர்ப்பின்றி நிற்க, அவருடைய துணை ஆளுநர் மைக் ஸ்டாக் அதே பிரைமரியில் ஜான் ஃபெட்டர்மேனிடம் தோற்றார். மாநில அளவில் ஃபெட்டர்மேனின் முதல் வெற்றி அதுதான். அந்த பிரைமரியில் ஓட்டுப் போட, அந்தக் கட்சியின் பெயரில் பதிவு செய்திருக்க வேண்டும், அதுவும் தேர்தலுக்கு 15 நாள் முன்பே. நவம்பருக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு அதில் பேச்சே இல்லை.

இந்த ஏற்பாடு எவ்வளவு மோசமாகப் போகலாம் என்பதற்கு இல்லினாய் இரண்டு முறை பட்டது. 1986 மார்ச்சில் டெமாக்ரடிக் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் அட்லாய் ஸ்டீவன்சன். துணை ஆளுநர் இடத்தில் கட்சி ஆதரித்தவர் தோற்று, லிண்டன் லாரூஷ் என்ற தீவிரப் பேச்சாளரின் ஆதரவாளரான மார்க் ஃபேர்சைல்ட் ஜெயித்துவிட்டார். நவம்பரில் இருவரும் ஒரே ஜோடி என்பது சட்டம். அவரோடு நிற்க மாட்டேன் என்று ஸ்டீவன்சன் கட்சிச் சீட்டையே துறந்து, சாலிடாரிட்டி என்ற புதுக் கட்சியைத் தொடங்கி நின்றார். டெமாக்ரடிக் வரிசையில் ஆளுநர் இடம் வெறுமையாகவும் துணை ஆளுநர் இடத்தில் ஃபேர்சைல்ட் பெயரும் இருந்த விநோதமான வாக்குச்சீட்டு அது. ரிபப்ளிகன் ஜிம் தாம்சன் சுலபமாக ஜெயித்தார்.

பாடம் படித்தார்களா என்றால் இல்லை. 2010 பிப்ரவரி 2ஆம் தேதி பிரைமரியில் சிகாகோ அடகுக்கடைக்காரர் ஸ்காட் லீ கோஹன் ஜெயித்தார். ஓட்டு எண்ணிய பிறகுதான் அவருடைய பழைய விவகாரங்கள் ஊடகங்களில் பெரிதாக அடிபட்டன. 7ஆம் தேதியே விலகினார். அந்த இடத்துக்குக் கட்சிக் குழு ஷீலா சைமனைப் போட்டது. பிறகுதான் சட்டத்தை மாற்றினார்கள். 2014 முதல் அங்கே பிரைமரியிலேயே ஜோடி. கீழ்ப் பதவி வேட்பாளரை யாரும் விசாரிப்பதில்லை என்பதே இரண்டு முறையும் காரணம். ஆளுநர் வேட்பாளரைப் பற்றி ஒரு மணி நேரம் படிப்பவர் துணை ஆளுநர் பெயருக்குப் பத்து நிமிடமாவது ஒதுக்க வேண்டும்.

இண்டியானாவில் துணை ஆளுநர் இடத்துக்குப் பிரைமரியே கிடையாது, கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கிறார்கள். 2024 ஜூனில் ரிபப்ளிகன் ஆளுநர் வேட்பாளர் மைக் பிரான் கேட்ட ஆளை விட்டுவிட்டு மைக்கா பெக்வித்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே உங்கள் குரல் எடுபட வேண்டுமானால் மாநாட்டுப் பிரதிநிதியாகப் போக வேண்டும்.

சும்மா ஒப்புக்கு ஒரு பதவி என்று நினைப்பது

டெக்சாஸில் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். 31 பேர் கொண்ட மாநில செனட்டுக்கு அங்கே துணை ஆளுநர்தான் தலைவர். எந்தக் குழுவில் யார், அதற்கு யார் தலைவர், எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போகும் என்பதெல்லாம் அவர் கையில். தனக்குப் பிடிக்காத மசோதாவை அதற்கு ஆகாத குழுவுக்கு அனுப்பிவிட்டால் அது அங்கேயே கிடந்து சாகும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 140 நாள் மட்டுமே கூடும் சபையில் தாமதமும் ஓர் ஆயுதம். இத்தனைக்கும் சம்பளம் ஆண்டுக்கு 7,200 டாலர்! இந்த அதிகாரத்தில் பெரும்பகுதி அரசமைப்பில் இல்லை, செனட் தானே எழுதிக்கொண்ட விதிகளில் இருக்கிறது.

வர்ஜீனியாவில் அந்த அளவு இல்லை. ஆனால் 40 இடம் கொண்ட செனட் 20-20 ஆனால் கதை மாறும், சமநிலையை உடைக்கும் ஓட்டு துணை ஆளுநருடையது. 2012இல் அப்படி ஆனபோது துணை ஆளுநர் பில் போலிங் ரிபப்ளிகன், சபை அவர் கட்சி வசம் போனது. 2014இல் மறுபடி 20-20. இந்த முறை ரால்ஃப் நார்தம் டெமாக்ரட், சபை கை மாறியது.

தனித்தனித் தேர்தல் நடக்கும் மாநிலங்கள் சிலவற்றில் இன்னொரு சிக்கல். ஆளுநர் மாநில எல்லையைத் தாண்டினால் துணை ஆளுநர் பொறுப்பு ஆளுநர் ஆகிவிடுவார். 2021 மே மாதம் ஐடஹோ ஆளுநர் பிராட் லிட்டில் வெளியூர் போயிருந்த நேரத்தில், முகக்கவசத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்று துணை ஆளுநர் ஜானிஸ் மெக்கீச்சின் ஆணை போட்டார். திரும்பி வந்த ஆளுநர் அதை ரத்து செய்தார். இருவரும் ஒரே கட்சி என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

தேதியையும் தகுதியையும் பொதுவாகக் கணக்குப் போடுவது

எல்லாமே அதிபர் தேர்தலோடு வரும் என்று காத்திருக்காதீர்கள். வர்ஜீனியாவும் நியூ ஜெர்சியும் அதிபர் தேர்தலுக்கு மறு ஆண்டு. கென்டக்கி, மிசிசிப்பி, லூசியானா அதிபர் தேர்தலுக்கு முந்தைய ஆண்டு. வெர்மான்டில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அங்கே பாதிக்கு மேல் ஓட்டு யாருக்கும் கிடைக்காவிட்டால் மாநிலச் சட்டசபை முடிவு செய்யும். 2024 தேர்தலில் முந்திய ஜான் ராட்ஜர்ஸ் 2025 ஜனவரியில் அப்படித்தான் பதவி பெற்றார்.

டல்லாஸ் பக்கம் பிரிஸ்கோ, பிளேனோவில் குடியேறி இப்போதுதான் குடியுரிமை வாங்கியவர்கள் கவனிக்க: டெக்சாஸில் புதிதாகப் பதிவு செய்ய இணையத்தில் படிவத்தை நிரப்பினால் மட்டும் போதாது. அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, தேர்தலுக்கு 30 நாள் முன்பே அனுப்ப வேண்டும்.

ஹெச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் இந்தத் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. சிக்கல் பெரும்பாலும் ஓட்டுநர் உரிமம் வாங்கும் இடத்தில் வரும். வாக்காளராகப் பதிவு செய்யட்டுமா என்று கேட்பார்கள், அவசரத்தில் ஆமாம் என்று கட்டத்தில் குறியிட்டுவிடுவோம். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாக அது பதிவாகும், பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தையே கெடுக்கும், நாடுகடத்தல் வரைக்கும் போகலாம். தவறிப் பதிவாகியிருந்தால் தானே ரத்து செய்ய ஓடாமல் முதலில் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். நன்கொடையில் ஒரு வித்தியாசம் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் வேட்பாளருக்குப் பணம் தரலாம். ஹெச்-1பியில் இருப்பவர் மாநிலத் தேர்தலுக்குக்கூட ஒரு டாலர் தரக் கூடாது. நண்பர் வீட்டு நிதி திரட்டு விருந்துக்கான நுழைவுக் கட்டணமும் நன்கொடைக் கணக்கில்தான் வரும்.

தபாலில் ஓட்டுப் போடுபவர்கள் பென்சில்வேனியாவில் செய்யும் தவறு ஒன்று உண்டு. அங்கே இரண்டு உறை வரும். சீட்டை முதலில் ரகசிய உறையில் வைத்து ஒட்டி, அதை வெளி உறைக்குள் போட வேண்டும். வெளி உறையில் கையெழுத்தும் தேதியும் வேண்டும். ரகசிய உறை இல்லாமல் வந்த சீட்டு எண்ணப்படாது. தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் உறை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும், அன்றைய தபால் முத்திரை மட்டும் இருந்தால் போதாது.