எழுதியவர் ஒருவர், பட்டியலில் நிற்பவர் இன்னொருவர்

இரவு பதினொன்றரை மணிக்கு என்னோடு வேலை செய்யும் ஒருவருக்குப் போன். "அண்ணா, பேக்கப்பை மீட்கிற வழிமுறை நீங்க எழுதினதுதானே? நாலாவது படியில அப்படியே நிக்குது." அவர் அந்தப் பக்கத்தில் செய்தது ஒரே ஓர் எழுத்துப்பிழைத் திருத்தம். அலுவலக விக்கியின், அதாவது எல்லோரும் எழுதித் திருத்தும் உள் தளத்தின், முகப்புப் பட்டியல் அதற்காக அவரை ஆசிரியராக்கி வைத்திருந்தது. உண்மையில் எழுதியவர் அடுத்த இருக்கைக்காரர். அவரை யாரும் எழுப்பவில்லை.

இதை மென்பொருள் கோளாறு என்று டிக்கெட் போடுகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் கோளாறு எதுவும் இருக்காது. யார் உட்கார்ந்து எழுதினார் என்பது விக்கிக்குத் தெரியாது. எந்தக் கணக்கிலிருந்து சேமித்தார்கள் என்பது மட்டும்தான் தெரியும். அதிலும் முதலில் சேமித்தவர், கடைசியாகச் சேமித்தவர் என்று இரண்டு பெயர்கள் உண்டு. பட்டியலை அமைத்தவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தலைப்பில் 'ஆசிரியர்' என்று போட்டுவிடுவதுதான் முதல் தவறு. மைக்ரோசாஃப்ட்டின் ஆவணப் பகிர்வு மென்பொருளான ஷேர்பாயின்டில், திரையில் 'உருவாக்கியவர்', 'மாற்றியவர்' என்று தெரியும் நெடுவரிசைகளுக்கு மென்பொருளுக்குள் இருக்கும் பெயர்கள் 'ஆத்தர்', 'எடிட்டர்'. எதை எடுக்கிறோம் என்று ஒரு நிமிடம் பார்த்தால் போதும்.

உருவாக்கியவரை எடுத்தாலும் முழுக்கச் சரியாகிவிடாது. பழைய பக்கத்தை நகலெடுத்துப் புதிதாக்குவது எல்லா அலுவலகங்களிலும் உள்ள பழக்கம். கான்ஃபுளுயன்ஸ் என்ற விக்கி மென்பொருளில் நகலெடுத்தவரே அந்தப் புதுப் பக்கத்தை உருவாக்கியவர் ஆகிவிடுவார், உள்ளே இருப்பது முழுக்க வேறொருவர் எழுத்தாக இருந்தாலும். வேர்ட் கோப்பில் கதை தலைகீழ். பழைய கோப்பைத் திறந்து வேறு பெயரில் சேமித்தால், உள்ளே உள்ள ஆசிரியர் விவரம் பழையவர் பெயரிலேயே இருக்கும். வேலையை விட்டுப் போனவர் 'எழுதிய' புத்தம் புது அறிக்கைகள் இப்படித்தான் வருகின்றன. நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள்: எழுதியவரையும் சேர்த்தவரையும் அது தனித்தனியே வைத்துக்கொள்கிறது. பெயர் பல வடிவங்களில் பதிவாகியிருந்தால் மெயில்மேப் என்ற பெயர்ப் பொருத்தக் கோப்பில் ஒன்றாக்கிவிடலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சேதம், பழைய விக்கியிலிருந்து புதியதற்கு இடம் மாறும்போதுதான் நடக்கிறது. மாற்றும் வேலையைச் செய்த நிர்வாகக் கணக்கே நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு ஆசிரியராக நிற்பது ஒரு வகை. அதையாவது பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். கண்ணில் படாத வகைதான் ஆபத்து. மீடியாவிக்கி என்ற விக்கி மென்பொருளில் பக்கங்களை இறக்குமதி செய்யும்போது, அதே பெயரில் இங்கே கணக்கு இருந்தால் திருத்தங்களை அவருக்கே எழுதிவிடு என்று ஒரு தேர்வு இருக்கிறது. வசதியானதுதான். ஆனால் அங்கே இருந்த கார்த்திக்கும் இங்கே இருக்கும் கார்த்திக்கும் ஒரே ஆள்தானா? நம் ஊர் அலுவலகத்தில் ஒரு தளத்துக்கு மூன்று கார்த்திக் இருப்பார்கள். பெயரை வைத்துப் பொருத்தாதீர்கள். ஊழியர் எண்ணையோ மின்னஞ்சலையோ வைத்துப் பொருத்துங்கள். கணக்குகளை முதலில் உருவாக்கி, பக்கங்களைப் பிறகு கொண்டுவாருங்கள். முழுதாக மாற்றுவதற்கு முன் பத்துப் பக்கங்களைக் கொண்டுவந்து, எழுதியவர்களையே கூப்பிட்டுக் காட்டுங்கள்.

வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அழிப்பதும் தவறு. செயலிழக்கச் செய்தால் போதும். அழித்தால் கான்ஃபுளுயன்ஸின் இணையவழிப் பதிப்பான கிளவுடில் அவர் பெயர் இருந்த இடத்தில் 'முன்னாள் பயனர்' என்பது மட்டுமே மிஞ்சும்.

இனி நமக்கென்றே உள்ள தலைவலி. ஊழியர் பதிவில் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம். தமிழருக்குக் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. ஒரு கட்டத்தில் அப்பா பெயர் போய் உட்காரும். விக்கிப் பட்டியல் அந்தக் கட்டத்தை மட்டும் எடுத்துக்காட்டினால், மகள் எழுதிய பக்கத்துக்கு அப்பா ஆசிரியர். விஸ்வநாதன் ஆனந்துக்கே இது நடந்தது. விஸ்வநாதன் அவர் அப்பா பெயர். அதைச் சுருக்கி 'விஷி' என்று உலகமே கூப்பிடுகிறது. அவர் உலக சாம்பியனாக இருந்தவர், தாங்கிக்கொண்டார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் பெயரில் 'எஸ்' சீர்காழி என்ற ஊர், 'ஆர்' அப்பா ராமாமிர்தம். நூலகப் பட்டியலில் அவரைத் தேட வேண்டியது ரங்கநாதன் என்ற பெயரில்தான். எது கூப்பிடும் பெயர் என்று ஆளையே கேட்டுத்தான் காட்சிப் பெயரை நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட்டைப் பார்த்து நிரப்புவது மனிதவளத்துறைக்கு வசதி, அவ்வளவுதான்.

தவறு தெரிந்த பிறகு திருத்த வரலாற்றில் கைவைக்காதீர்கள். யார் எப்போது எதை மாற்றினார் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. நாங்கள் செய்தது சாதாரண வேலை. ஒவ்வொரு வழிமுறைப் பக்கத்தின் தலையிலும் 'எழுதியவர்', 'இப்போது பொறுப்பு' என்று இரண்டு வரிகளைக் கையால் சேர்த்தோம். பட்டியலும் 'பொறுப்பு' வரியிலிருந்தே பெயரை எடுக்கிறது. பேக்கப் பக்கத்தில் அந்த வரியை நிரப்பியவர் அன்று போனில் எழுப்பப்பட்டவர். அடுத்த இருக்கைக்காரரின் பெயரோடு கைபேசி எண்ணையும் சேர்த்தே போட்டிருக்கிறார்.