‘ஸ்பாட்’ என்ற சொல்லுக்கு இடமறிந்து பொருள் கொள்வது எப்படி?

ஆங்கிலத்தில் ‘ஸ்பாட்’ என்பது சிறு பிள்ளைகளும் அறிந்த ஓரசைச் சொல். ஆனால் அதைத் தமிழில் எழுத முற்படும்போதுதான் கறை, புள்ளி, பரு, இடம், கண்டுகொள்ளுதல், உடனடி என ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவைபோல் தோன்றும் பொருள்கள் அதற்குள் அடங்கியிருப்பது புலப்படுகிறது. தமிழர்களாகிய நமக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு. ‘ஷூட்டிங் ஸ்பாட்’, ‘ஸ்பாட் அட்மிஷன்’ என்று பேசிப் பழகியதால், எங்கே இச்சொல்லைக் கண்டாலும் இடம் அல்லது உடனடி என்ற பொருளே முதலில் மனத்தில் எழுகிறது.

ஆகவே முதலில் அடிப்படைக் கருத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பரந்த ஒன்றின் நடுவே தனித்துத் தெரியும் சிறியது எதுவோ அதுவே ‘ஸ்பாட்’. துணியில் தனித்துத் தெரிந்தால் கறை, முகத்தில் தெரிந்தால் பரு, நிலப்பரப்பில் தெரிந்தால் இடம். கூட்டத்துக்குள் ஒருவரைக் கண் தனியே பிரித்தெடுத்தால் அதுவே வினைச்சொல்லாகிக் கண்டுகொள்வதைக் குறிக்கும். கறையைக் குறிக்கும் ‘ஸ்டெய்ன்’ என்ற மற்றொரு சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘ஸ்டெய்ன்’ என்பது பெரும்பாலும் இழைக்குள் ஊறி நிறத்தையே மாற்றிவிட்ட கறை. ‘ஸ்பாட்’ என்றால் சிறிய அளவில், ஓரிடத்தில் மட்டும் பட்ட கறை.

அடுத்ததாக, அது பெயரா வினையா என்று பாருங்கள். ‘ஸ்பாட்டெட் டீர்’ என்றால் புள்ளிமான். இடையில் ‘அ’ என்ற ஓரெழுத்து நுழைந்து ‘ஸ்பாட்டெட் அ டீர்’ என்றானால், யாரோ ஒரு மானைக் கண்டார் என்று பொருள். அந்த ஓரெழுத்தைக் கவனிக்காமல் போனால் வாக்கியமே தலைகீழாகிவிடும்.

சொற்களின் வரிசைக்கும் இதே கவனம் தேவை. ‘ஸ்பாட் ஆன்’ என்பது மிகச் சரி என்ற பாராட்டு. ‘ஆன் த ஸ்பாட்’ என்பதோ உடனே என்றும், நிகழ்விடத்திலேயே என்றும் பொருள்படும். அதனோடு ‘புட்’ என்ற வினை சேர்ந்தால், ஒருவரைப் பதில் சொல்லியே தீர வேண்டிய தர்மசங்கடத்தில் நிறுத்துவது என்றாகிவிடும். ‘டைட் ஸ்பாட்’ என்பதற்கு இக்கட்டு என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘அ ஸ்பாட் ஆஃப்’ என்று தொடங்கினால் அது வெறும் அளவுச்சொல். ‘அ ஸ்பாட் ஆஃப் ரெய்ன்’ என்றால் சில துளி மழை, அவ்வளவே.

உடல் தொடர்பான தொடர்களில்தான் நான் மிகுந்த எச்சரிக்கையை வேண்டுவேன். இங்கே பிழை நேர்ந்தால் படிப்பவர் வீணாக அஞ்ச நேரிடும். ‘லிவர் ஸ்பாட்’ என்பது வெயிலாலும் முதுமையாலும் தோலில் தோன்றும் பழுப்புத் திட்டு. பெயரில் கல்லீரல் இருப்பினும் அந்த உறுப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘சாஃப்ட் ஸ்பாட்’ என்பது அன்றாடப் பேச்சில் ஒருவர்மேல் உள்ள தனிப் பிரியத்தைக் குறிக்கும். குழந்தை மருத்துவத்தில் அதுவே பச்சிளங் குழந்தையின் உச்சிக்குழி. இவ்வளவு அழகான தமிழ்ச்சொல் இருக்கையில் ‘மென்மையான இடம்’ என்று எழுதுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ‘ப்ளைண்ட் ஸ்பாட்’ என்பதும் இரண்டு வகைப்படும். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லாததால் அதைக் குருட்டுப்புள்ளி என்கிறோம். வாகனம் ஓட்டுவோர் சொல்லும்போதோ, அது கண்ணாடிகளிலும் நேர்ப்பார்வையிலும் படாத ஒரு பரப்பு. ஒரு முழு வாகனமே மறைந்துவிடக்கூடிய அப்பரப்பைப் புள்ளி என்று எழுதுவது பொருந்தாது; ‘பார்வைக்குப் படாத பகுதி’ என்று விரித்தே எழுதலாம்.

அளவைக் கண்டு மயங்கவும் கூடாது. சூரியப் புள்ளிகளுள் பல பூமியைவிடப் பெரியவை. சுற்றியுள்ள பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க, இவை அதைவிடக் குளிர்ந்திருப்பதால் கருமையாகத் தெரிகின்றன. சூரியனோடு ஒப்பிடும்போது அவை சிறியவை என்பதால், இங்கே புள்ளி என்ற சொல் சரியே.

வணிகச் செய்தியில் ‘ஸ்பாட் ப்ரைஸ்’ என்பது பிற்காலத்துக்கான ஒப்பந்த விலையிலிருந்து வேறுபட்ட, உடனடியாகப் பொருளைக் கைமாற்றுவதற்கான விலை. கிரிக்கெட்டில் ‘ஸ்பாட் ஃபிக்சிங்’ என்பது முழு ஆட்டத்தின் முடிவையும் விற்றுவிடாமல், குறிப்பிட்ட ஒரு தருணத்தை மட்டும் முன்கூட்டியே பேசிவைப்பது. 2010இல் லார்ட்ஸ் டெஸ்டில் பேசிவைத்து வீசப்பட்ட நோ-பால்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. இதற்கும் கைப்பேசியின் ‘ஹாட்ஸ்பாட்’டுக்கும் தமிழாக்கம் தேடிச் சிரமப்பட வேண்டாம்; படிப்பவர்களுக்குப் பழகிப்போன அந்தச் சொற்களை அப்படியே எழுதி, தேவையான இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்தால் போதும்.