பழைய குழு, புதிய வயலின் வரிசை: வன்னியில் இருந்து ஒரு பெரிய இறுவட்டுச் செய்வது எப்படி

இருபது முப்பது வருடம் ஒன்றாக மேடையேறிய குழுவுக்கு ஒரு கட்டத்தில் வயலின் வரிசை, நாதஸ்வரம், தவில் எல்லாம் சேர்த்துப் பெரிதாக ஒரு இறுவட்டுச் செய்ய ஆசை வரும். கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ இருந்துகொண்டே அதைச் செய்யலாம். பெரிய சிக்கல் பணமோ கருவியோ அல்ல. வயலின் வந்து உட்காரப்போகும் இடத்தில் ஏற்கெனவே ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கிறார், அவருக்கும் உங்களுக்கும் இருபது வருடப் பழக்கம்.

லீட் கிற்றாரும் கீபோர்ட்டின் வலது கையும் நிரப்புகிற அதே சுர எல்லைதான் வயலினுடையதும். மூன்றாவதாக ஒன்றை அங்கே ஏற்றினால் ஒன்றும் தெளிவாகக் கேட்காது. பதிந்த ஒலிகளை ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங்கில் யாரையாவது குறைத்தே ஆக வேண்டும், குறைக்கப்பட்டவர் அதை மறக்கமாட்டார். 1970இல் இங்கிலாந்தின் யெஸ் குழு தன் இரண்டாவது இறுவட்டில் வாத்தியக் குழுவைச் சேர்த்தபோது கிற்றார்க்காரர் பீற்றர் பாங்ஸ் வாசித்திருக்க வேண்டிய பல இடங்களை வயலின்கள் பிடித்துக்கொண்டன. இறுவட்டு வெளியாக முன்னமே அவர் குழுவில் இல்லை.

ஆகவே முதலில் வெட்டுங்கள், பிறகு சேருங்கள். கட்டம் போட்ட கொப்பி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரிசை, நான்கு பாருக்கு (ஒரு பார் என்பது நான்கு அடி) ஒரு கட்டம் என்று பாட்டை வரையுங்கள். நிமிடத்துக்கு 96 அடி வேகத்தில் 5 நிமிடப் பாட்டு என்றால் 480 அடி, 120 பார், 30 கட்டம். ஒரு பக்கத்துக்குள் அடங்கும். நடு எல்லையில் ஒரே நேரத்தில் இரண்டு கருவிக்கு மேல் நிறம் தீட்டக்கூடாது. வயலின் மெட்டை எடுக்கும் கட்டத்தில் கிற்றார் கையால் அடக்கிய தாளம் மட்டும் போடட்டும் அல்லது சும்மா இருக்கட்டும், கீபோர்ட் இடது கையோடு நிற்கட்டும். கிற்றார் தனியாகப் பேசும் இடத்தில் வயலின்கள் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்தால் போதும். இந்தக் கொப்பியை எல்லோரும் ஒரே மேசையில் இருந்து நிரப்ப வேண்டும். ஒருவர் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வந்து நீட்டினால் அது கட்டளையாகத்தான் தெரியும்.

அடுத்து, கீபோர்ட்டின் வயலின் ஒலியில் அந்தப் பகுதிகளைப் போட்டுப் பதிந்து, இரண்டு கிழமையாவது அதோடு ஒத்திகை பாருங்கள். கிற்றார்க்காரர் தன் இடம் எங்கே போகிறது என்பதைப் பதிவு நாளில் அல்ல, அப்போதே கேட்டுவிட வேண்டும். இறுவட்டில் ஆறு பாட்டு என்றால், பாட்டுக்கு ஒருவராகப் பொறுப்பாளர் வையுங்கள், அந்தப் பாட்டில் முடிவு அவருடையது. மற்றவர்களுக்கு முழு இறுவட்டுக்கும் சேர்த்து இரண்டு மறுப்பு மட்டும். எண்ணி வைத்த மறுப்பை ஆட்கள் அளந்துதான் செலவழிப்பார்கள்.

இனிச் சுருதி. நல்ல நல்ல பதிவுகள் வீணாய்ப் போவது இங்கேதான். கிற்றார்க் குழுக்களுக்கு ஈ (E), ஏ (A) சுருதிகள் வசதி, நாதஸ்வரக்காரருக்கோ அவருடைய குழலின் சுருதிதான் சுருதி. நீளமான பாரி நாதஸ்வரம் இரண்டு, இரண்டரைக் கட்டையை ஒட்டி நிற்கும், அதாவது டி அல்லது டி ஷார்ப். குட்டையான திமிரி நாதஸ்வரத்தின் சுருதி அதைவிட மிக உயரம். பாரியே எடுங்கள். இரண்டரைக் கட்டையில் பாட்டை வைத்தால் கிற்றார்க்காரர் கழுத்தின் மூன்றாவது கட்டத்தில் கேப்போ (கம்பிகளை அழுத்தும் கவ்வி) போட்டு சி வடிவங்களில் வாசிக்கலாம், திறந்த கம்பியின் முழக்கம் கெடாது.

சீவாளி ஊறி, குழல் சூடாகும்போது நாதஸ்வரத்தின் சுருதி மெல்ல ஏறும். பதினைந்து நிமிடம் வாசித்த பிறகு ட்யூனரில் அளவுங்கள். ஏறக்குறைய 16 சென்ற் (ஒரு சென்ற் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) கூடுதலாகக் காட்டினால் கீபோர்ட்டின் பொதுச் சுருதியை 440 ஹேர்ட்ஸிலிருந்து 444க்கு மாற்றி, கிற்றார், பேஸ், வயலின் எல்லாவற்றையும் அதற்குக் கூட்டுங்கள். மூங்கில் புல்லாங்குழல் இருந்தால் அதையும் அன்றே அளந்து பார்க்க வேண்டும். வேறு எதையும் பதிய முன்னம் இது நடக்க வேண்டும். கீபோர்ட்டும் கிற்றாரும் 440இல் பதிந்து முடிந்தபின் நாதஸ்வரத்தைக் கூப்பிட்டால், ஒன்றில் அவர் உதட்டால் இழுத்து இழுத்து மல்லுக்கட்டுவார், இல்லாவிட்டால் கொம்பியூட்டரில் அவர் ஒலியை வளைத்து உயிரை எடுத்துவிடுவீர்கள்.

வயலினுக்கு ஆறு பேர் போதும். மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்தவர்களைத் தேடுங்கள். அவர்களுடைய கம்பிகள் ச-ப-ச-ப, வாசிப்பது நிலத்தில் இருந்து, படிப்பது சுரக்குறிப்பு. மேற்கத்தைய ஐந்துகோட்டுத் தாளை நீட்டாதீர்கள். சுரத்தில் எழுதி, தாளக் குறி போட்டு, வில் எங்கே திரும்புகிறது என்பதையும் குறித்துக் கொடுங்கள். கிற்றாரும் கீபோர்ட்டும் பல சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் கோர்ட்டுக்கு (chord) மேலே நீளும் துணைப் பகுதிகளில் கமகம் வேண்டாம். ஆறு பேர் ஆறு விதமாகக் காந்தாரத்தை அசைத்தால் கீழே உள்ள கோர்ட் கலங்கிப்போகும். மெட்டு தனியாக வரும் இடத்தில் மட்டும், முதல் வயலின்காரர் அசைப்பதைப் போல மற்றவர்களும் அசைக்கட்டும். நீண்ட சுரங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் வில் திருப்பாமல் மாறி மாறித் திருப்பினால் ஒலி அறுபடாது.

ஆறு பேரையும் மூன்று முறை வாசிக்கவைத்து அடுக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஆட்கள் இடம் மாற வேண்டும், மைக்கும் கொஞ்சம் நகர வேண்டும், இல்லாவிட்டால் பதினெட்டு வயலின் கேட்காது, ஆறே தடித்துக் கேட்கும். செலோ கிடைக்காவிட்டால் கீபோர்ட் செலோவை அடியில் வையுங்கள், மேலே உண்மையான வயலின் இருந்தால் காது அதை ஏற்றுக்கொள்ளும். மூன்று மணி நேரத்துக்கு இரண்டு பாட்டு, மூன்று அமர்வில் ஆறும் முடியும்.

பதிவுக்குப் பொதுநோக்கு மண்டபம் நல்லது, ஆனால் பெரும்பாலும் தகரக் கூரைதான். மாரி மழையிலும் சோளகக் காற்றிலும் அதற்குக் கீழே ஒன்றும் பதிய முடியாது. வைகாசிக்குப் பிறகு நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் திருவிழாக்களில் இருப்பார்கள். காலபோக அறுவடை முடிந்த மாசிக் கடைசியும் பங்குனியும் தோது, அதிலும் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஓய்ந்த இரவு. சுவரில் தடித்த போர்வையை ஒட்டிப் போடாமல் நாலு விரல் இடைவெளி விட்டு இரண்டு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். போர்வை மேல் ஒலிகளைத்தான் அடக்கும், பேஸின் அதிர்வை அடக்காது. அதனால் பேஸ் கிற்றாரை மைக் இல்லாமல் நேரடியாக இன்ரர்பேஸில் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டியில்) கொடுங்கள்.

நிலத்தில் இருந்து வாசிக்கும் வயலினின் ஒலி மேல்நோக்கித்தான் வரும். மூன்று பேர் கொண்ட வரிசைக்கு ஒரு கொண்டென்சர் மைக்கை, கருவியிலிருந்து மூன்று நாலு அடி மேலே வையுங்கள். இரண்டு மைக்குக்கும் நடுவே உள்ள தூரம், மைக்கிலிருந்து கருவிக்குள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காக இருக்கட்டும். நாதஸ்வரத்துக்கு ஆறு எட்டு அடி தள்ளி, அணசுக்கு (குழலின் விரிந்த வாய்க்கு) நேர் எதிரே இல்லாமல் பக்கவாட்டில். தவிலின் வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக் என்று வைத்து, வயலின் இல்லாத வேறு நேரத்தில் பதியுங்கள். வயலினோடு ஒரே மண்டபத்தில் ஒரே நேரத்தில் தவிலை வைத்தால் எல்லா மைக்கிலும் தவில்தான் இருக்கும். மடிக்கணினியை பற்றரியில் ஓடவிடுங்கள், ஜெனரேற்றர் குறைந்தது நூறு அடி தள்ளி.

பழைய உறுப்பினர் ஒருவர் கனடாவிலோ பிரான்சிலோ இருந்தால் அவரும் தன் பகுதியைப் பதிந்து அனுப்பலாம். எல்லோரும் 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற், வேவ் கோப்பு. அவர் 44.1இல் பதிந்ததை மென்பொருள் மாற்றாமல் 48இல் ஓட்டினால், ஒன்றரை அரைச்சுரம் ஏறி, வேகமும் கூடிவிடும். ஒவ்வொரு கோப்பும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்க வேண்டும். ஒற்றைத் தடத்துக்கு (மோனோ) நிமிடத்துக்கு 8.64 மெகாபைற் வரும், வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பாதீர்கள்.

மிக்ஸிங்கில் ஒவ்வொருவரும் நிமிடம் நொடி குறித்துக் கருத்தைத் தாளில் எழுதித் தரட்டும், இரண்டே சுற்று. தன் கருவியைப் பற்றித் தானே எழுதக்கூடாது. இரண்டு வடிவங்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்திவிட்டுப் போடுங்கள், உரத்ததுதான் எப்போதும் நல்லதாகத் தோன்றும்.

பங்கைப் பதிவுக்கு முன்னமே எழுதிக் கையெழுத்திடுங்கள்: பாட்டு எழுதியவருக்கு எவ்வளவு, பதிவில் வாசித்தவர்களுக்கு எவ்வளவு, வாத்திய அமைப்புச் செய்தவருக்குக் கூலியா பங்கா என்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆக்கியவரின் ஆயுளோடு முடியாது, அதற்குப் பின்னும் 70 வருடம் நிற்கும். பிள்ளைகள் காலத்தில் வரும் சண்டையையும் இந்தத் தாள்தான் தீர்க்க வேண்டும். வெளியிலிருந்து வரும் வயலின்காரருக்குப் பங்கு சொல்லாமல், அமர்வு முடிந்த அன்றே காசைக் கையில் கொடுங்கள்.

கடைசியாகப் பிரதிகள். டீப் பேர்பிள் குழு 1969இல் லண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில் பெரிய வாத்தியக் குழுவோடு வாசித்த படைப்பின் இசைத்தாள் அடுத்த வருடமே தொலைந்துபோனது. 1999இல் அதை மறுபடி மேடையேற்ற, பதிவைக் கேட்டுக் கேட்டுச் சுரம் சுரமாக ஒருவர் திரும்ப எழுத வேண்டியிருந்தது. சுரத்தாள், கட்டக் கொப்பி எல்லாவற்றையும் போன் கமராவில் எடுத்து, பதிவுக் கோப்புகளோடு இரண்டு ஹாட் டிஸ்க்கில் போடுங்கள். ஒன்று ஊரில், மற்றது வேறு ஊரில், குழுவின் இன்னொரு உறுப்பினர் வீட்டில் இருக்கட்டும்.